தண்ணி அண்ணன் தள்ளாடிய கதை

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவரைத் தண்ணி அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். புதிதாகச் சேரும் நர்ஸுகள் இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "வேலை நேரத்துலயேவா?" என்று என் காதோடு கேட்டவர்களும் உண்டு. பாவம், அந்த மனிதரின் நாக்கில் சாராயம் ஒரு சொட்டுகூடப் பட்டதில்லை. அவர் குடித்ததெல்லாம் பச்சைத் தண்ணீர்தான். ஆனால் அதைக் குடித்த குடி இருக்கிறதே, அது மொடாக்குடி.

சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில், கொதிகலன் அறையை ஒட்டினாற்போல் இருக்கிறது. மழைக்காலத்திலேயே உள்ளே நுழைந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரம் விழுங்கித் துப்பிவிடும். டாக்டர்களின் கோட்டும் எங்கள் சீருடையும் மட்டும் கை இஸ்திரிக்குத்தான் வரும். இயந்திரத்தில் போட்டால் பொத்தான் தூள்தூளாகிவிடும். அந்தக் கனமான இஸ்திரிப் பெட்டியைப் பல வருஷங்களாகத் தள்ளித் தள்ளி, அண்ணனின் வலது முன்கை இடதைவிட ஒரு சுற்றுப் பெருத்துப்போயிருந்தது. கழுத்தில் ஈரத்துண்டு, மேஜைக்கடியில் மூடி போட்ட பெரிய தண்ணீர் கேன், வாயில் எந்நேரமும் ஒரு கிண்டல். இதுதான் அண்ணன்.

யாரைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி, "தண்ணி குடிச்சியா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்று ஊரே கேட்கும். தண்ணீரைக் கேட்டது இவர் ஒருவர்தான். நான் சீருடை வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு டம்ளர் நிறைய ஊற்றி நீட்டுவார்.

"வேண்டாம் அண்ணே, இப்பதான் குடிச்சேன்."

"நர்ஸம்மா, நீங்க எல்லாருக்கும் ட்ரிப்ஸ் ஏத்துறீங்க. உங்களுக்கு யாரு ஏத்துறது? குடிங்க."

குடித்தால்தான் சீருடை கைக்கு வரும்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. சில வருஷங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, வலியில் தரையில் உருண்டிருக்கிறார். கல் போன பிறகு, "இனிமேல் தண்ணி நிறைய குடிக்கணும்" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். வேறு யாராக இருந்தாலும் ஒரு மாதம் குடித்துவிட்டு மறந்திருப்பார்கள். அண்ணன் வாக்குத் தவறாத ஆள். அதற்கப்புறம், ஊழியர்களுக்கு நடந்த பரிசோதனையில் ரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தது. நீர் பிரிவதற்கான மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அண்ணி, அதாவது அவர் மனைவி, குறைக்கவில்லை. நிறுத்தியே விட்டாள்.

அண்ணி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளை மேய்க்கிறவள் வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவாள். உப்பு டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள் என்று அண்ணன் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். "கல்யாணம் ஆன புதுசுல நகையத்தான் அப்படிப் பூட்டி வெச்சிருந்தா. இப்ப உப்பு!"

ஆக, தண்ணீர் நல்லதுக்குத்தான். மாத்திரை நல்லதுக்குத்தான். உப்பைக் குறைத்ததும் நல்லதுக்குத்தான். மூன்று நல்லதும் ஒரே உடம்பில் சேர்ந்தபோதுதான் வினை வந்தது.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. கொதிகலனைப் பழுது பார்க்க வந்தவர்கள் சுவரில் ஒரு பக்கத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அனல் நேராக இஸ்திரி மேஜைமேல் அடித்தது. அண்ணன் சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும். வேர்வையோடு உப்பு போயிற்று. மாத்திரை பிரித்த நீரோடும் போயிற்று. தாகத்துக்கு அவர் குடித்ததோ வெறும் தண்ணீர், கேன் கேனாக.

முதலில் தலைவலி என்றார். வெயில் என்று விட்டுவிட்டோம். பிறகு குமட்டல், கெண்டைக்காலில் சுருட்டிப் பிடிக்கும் வலி. பிறகுதான் விசித்திரமாக ஏதேதோ நடந்தது. இஸ்திரி போட்டு மாட்டிய கோட்டை மறுபடி இறக்கி இஸ்திரி போடுவார். அதை மாட்டிவிட்டு மறுபடியும் அதையே இறக்குவார். குழந்தைகள் வார்டுக்குப் போகவேண்டிய பூவும் முயல்குட்டியும் போட்ட போர்வைகள் எலும்பு முறிவு வார்டுக்குப் போய், மீசைக்காரப் பெரியவர்கள் முயல்குட்டிகளைப் போர்த்திப் படுத்திருந்தார்கள். எல்லாரும் சிரித்தோம். அண்ணனின் கிண்டல்களில் ஒன்று என்று நினைத்தோம்.

அப்புறம் ஒரு மத்தியானம், துணி வண்டியைச் சரிவில் தள்ளிக்கொண்டு போனவர் தள்ளாடி விழுந்தார். எழுப்பிவிட்டார்கள். நாக்குக் குழறியது. நிற்கச் சொன்னால் சுவரைத் தேடினார். சலவைக்கூட மேற்பார்வையாளர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன அண்ணே, பேருக்கு ஏத்த மாதிரி ஆரம்பிச்சாச்சா?"

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தாராம். எதற்கென்று தெரியாமலேயே சிரித்திருக்கிறார். பின்னால் இதைக் கேட்டபோது எனக்கு அதுதான் தாங்கவில்லை. மேற்பார்வையாளரும் கெட்டவர் இல்லை. மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்று பயந்து, தன் செலவில் ஒரு வாடகை வண்டி பிடித்து, பின்வாசல் வழியாக அவரை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

வீட்டில் நடந்ததை அண்ணி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பாதியில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிடும்.

அவள் வேலை முடிந்து வந்தபோது, அண்ணன் எதிர்வீட்டுக் கதவில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். அண்ணி அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கட்டிலில் உட்காரவைத்து, கதவைச் சாத்தினாள்.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

அண்ணிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

"எவ்வளவு?"

"நிறைய."

"எத்தனை நாளா?"

"எப்பவுமே குடிக்கிறதுதானே?"

"ஏன்? நான் என்ன குறை வெச்சேன் உங்களுக்கு?"

அண்ணன், "தாகமா இருந்துச்சு" என்றார்.

அண்ணி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து பீரோவுக்குப் பின்னால், பரண்மேல், ஷூவுக்குள் எல்லாம் பாட்டில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் கோபம் இரட்டிப்பானது. தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

இந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். லாரிப் பட்டறையில் வெல்டர். கைத்தொழிலில் கெட்டிக்காரன். சாயங்காலமானால் நிஜமாகவே 'தண்ணி' போடுகிறவன். அக்காவிடம் அதற்காக வாங்காத திட்டில்லை. "மாமாவைப் பார்த்துக் கத்துக்கோடா" என்பதுதான் அவளுடைய நிரந்தரப் பாட்டு. அந்த மாமாவே குடித்துவிட்டார் என்று கேட்டதும், அவன் ஏதோ பெருநாள் வந்த மாதிரி ஓடி வந்தான். வந்தவன் மாமாவின் வாயருகே மூக்கை வைத்து மோந்தான். இமையைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தான். நடக்கவைத்துப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது.

"அக்கா, இந்த ஒரு விஷயத்துல நான் சொன்னா நம்பு. நான் பார்க்காத போதையா? வாய்ல வாடையே இல்ல. குடிச்சவனுக்கு மறுநாள்தான் தலை வலிக்கும். இவருக்கு ஒரு வாரமா வலிக்குதுங்கற. மாமா குடிக்கல. இது வேற என்னமோ. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இந்த நிலைமைல அவர் வேலை பாக்கற எடத்துக்கேவா? மானம் போயிடும்டா."

"மானம் போனா வாங்கிக்கலாம். மாமா போனா?"

வண்டியில் ஏற்றும்போதுதான் அவருடைய வலது மணிக்கட்டு வீங்கி நிற்பதை அண்ணி பார்த்தாள். சரிவில் விழுந்தபோது எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. வலிக்கிறது என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவசரப் பிரிவில் இறக்கிய சற்று நேரத்தில் அண்ணனுக்கு வலிப்பு வந்தது. கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளியது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது எங்கள் டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, குறைந்தது நூற்று முப்பத்தைந்தாவது இருக்கவேண்டும். அண்ணனுக்கு இருந்தது நூற்றுப் பன்னிரண்டு. பொட்டாசியமும் இறங்கியிருந்தது. நல்ல அடர்த்தியான உப்புக் கரைசலைச் சிறிய அளவில் ஏற்றினார்கள். வலிப்பு நின்றது. கையில் மாவுக்கட்டுப் போட்டு எங்கள் வார்டுக்கு அனுப்பினார்கள்.

அவரைக் கட்டிலுக்கு மாற்றும்போது நான்தான் தலைப்பக்கம் பிடித்தேன். அரை மயக்கத்தில் இடது கையால் விரிப்பைத் தடவினார். "மடிப்பு கோணலா இருக்கு" என்று முனகினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி நின்று ட்ரிப்ஸைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணினேன்.

டாக்டரம்மா அண்ணியையும் தம்பியையும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவர் கொஞ்சம் சிடுசிடுப்பானவர். ஆனால் நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் விளக்க ஆரம்பித்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"உங்க வீட்டுக்காரர் குடிக்கல. ஒரு வகைல பார்த்தா குடிச்சுட்டுதான் வந்திருக்கார், ஆனா தண்ணிய. ரத்தத்துல உப்பு நீர்த்துப் போச்சு. உப்பு எங்க அதிகமோ தண்ணி அந்தப் பக்கம் போகும். வெளியே உப்பு குறைஞ்சதும், தண்ணியெல்லாம் செல்லுக்குள்ள புகுந்துடுச்சு. மூளைல இருக்கற செல்லெல்லாம் வீங்கியிருக்கு."

தம்பி குழம்பிப்போய்த் தன் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "செல்லு வீங்குமா டாக்டர்? போன மாசம் என் செல்லுலகூட பேட்டரி வீங்கி, மூடி திறந்துக்கிச்சு."

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அது பரவாயில்ல, மூடி திறந்துக்கும். மண்டை ஓடு திறக்காதே! உடம்புல வேற எந்த இடம் வீங்கினாலும் விரிய இடம் இருக்கு. மூளைக்கு இல்ல. அதான் தலைவலி, தள்ளாட்டம், வலிப்பு எல்லாம்."

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். "நாந்தான் டாக்டர் காரணம். நாந்தான் உப்பப் பூட்டி வெச்சேன்."

"நீங்க டாக்டர் சொன்னதைச் செஞ்சீங்க. அவரும் சொன்னதைச் செஞ்சார். மாத்திரை, வெயில், தண்ணி எல்லாம் சேர்ந்துடுச்சு. பழியப் பங்கு போட்டா உங்க பங்குக்கு ஒரு சிட்டிகைதான் வரும்."

"அப்ப உடனே உப்ப ஏத்திடுங்க டாக்டர். பாட்டில் பாட்டிலா ஏத்துங்க. இன்னிக்கே சரியாயிடட்டும்."

"அதான் முடியாது. இத நீங்க நல்லாப் புரிஞ்சுக்கணும்." டாக்டரம்மா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். "இது ஒரே நாள்ல வந்தது இல்ல. கொஞ்சம் கொஞ்சமா உப்பு இறங்கியிருக்கு. மூளை செல்லு சும்மா இருக்கல. வீங்கிச் சாகாம இருக்க, தனக்குள்ள இருந்த உப்பையும் சத்தையும் தானே வெளியே தள்ளிடுச்சு. இந்தப் பஞ்சத்துக்குப் பழகிடுச்சு. அதனாலதான் இவ்வளவு குறைஞ்சும் உயிரோட இருக்கார். இப்ப நான் திடீர்னு வெளியே உப்ப ஏத்தினா, தண்ணி மொத்தமும் செல்ல விட்டு வெளியே ஓடும். தண்ணியப் பிடிச்சு வெச்சுக்க உள்ள ஒண்ணும் இல்ல. செல்லு சுருங்கி நாசமாயிடும். நரம்பு மேல இருக்கற உறையே கழண்டுடும். நல்லாயிட்டார்னு நாம நினைச்சுட்டு இருக்கும்போது, சில நாள் கழிச்சுப் பேச்சு போயிடும், முழுங்க வராது, கை கால் வராது. அது திரும்பறது கஷ்டம்."

"இப்ப இருக்கறது திரும்புமா?" அண்ணியின் குரல் கீழே இறங்கிவிட்டது.

"வீக்கம் வடியும். அடிபட்ட செல்லு ஒரு எல்லை வரைக்கும் தானே தேறி எழுந்துக்கும். அந்த எல்லை தாண்டினாத்தான் போச்சு. இவர் இந்தப் பக்கம்தான் இருக்கார்னு நம்பறேன். அந்தப் பக்கம் நாமளே தள்ளிவிடாம இருக்கணும்."

அதனால் வைத்தியம் பெரும்பாலும் காத்திருப்பதாகவே அமைந்தது. அந்த மாத்திரையை நிறுத்தினோம். தண்ணீரை அளந்து கொடுத்தோம். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பொட்டாசியத்துக்கு ஒரு மருந்து கொடுப்போம். அதன் ருசி பேயைக்கூட விரட்டும். பாதி நினைவிலேயே அண்ணன் அதைக் குடித்துவிட்டு, "இது யாரு வெச்சது?" என்றார், சமையலைக் கேட்கிற மாதிரி. அவர் பேசிவிட்டாரே என்று அண்ணிக்கு ஆனந்தம்.

ஆனால் மறுநாள் காலை நிலைமை தலைகீழானது. அந்த மாத்திரை உப்போடு சேர்த்துத்தான் நீரை வெளியே விடும், வெறும் தண்ணீரைத் தனியாகப் போக விடாது. அதன் வேகம் அடங்கியதும், அதுவரை தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த சிறுநீரகம் மடையைத் திறந்துவிட்டது. சிறுநீர்ப் பை நிரம்பி நிரம்பி மாற்ற வேண்டியதாயிற்று. கண்ணாடி மாதிரி வெறும் தண்ணீர். வீட்டுக்காரர்கள், நீர் நன்றாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஓடி வரச் சொன்னேன். தண்ணீர் இந்த வேகத்தில் வெளியேறினால் உப்பு தானாகவே விறுவிறுவென்று ஏறும். எதை நாங்கள் செய்யக்கூடாதென்று காத்திருந்தோமோ, அதை அவர் உடம்பே செய்துகொண்டிருந்தது.

ரத்தம் பார்த்தால் அப்படியேதான் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா உடனே சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஊசி போட்டு, உப்பில்லாத சர்க்கரைத் தண்ணீரை ட்ரிப்ஸில் ஏற்றச் சொன்னார்.

அண்ணி பதறிப்போனாள். "என்னம்மா இது? நேத்து முழுக்கத் தண்ணி குடுக்காதீங்கன்னீங்க. ஒரு வாய் கேட்டு அழுதாரு, நான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். இப்ப நீங்களே தண்ணிய ஏத்தறீங்களே?"

"அண்ணி, நேத்து உப்பு ஏறாம இருந்துச்சு. இன்னிக்கு ஓடுது. ஓடற மாட்டக் கயிறு போட்டு இழுக்கற மாதிரிதான் இது. நிறுத்த இல்ல, நடக்க வைக்க" என்றேன்.

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி, சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வார்டுக்குள் பூனை நடை நடந்து வந்தான். அவன் சாயங்காலச் சரித்திரம் எனக்குத் தெரியும். வழி மறித்தேன்.

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல நர்ஸம்மா."

"எடுங்க வெளியே."

எடுத்தான். ஒரு பாட்டில்.

"ஆஸ்பத்திரிக்குள்ளயேவா?"

"ஐயோ, சத்தியமா இது அது இல்ல! எலுமிச்சை ஜூஸ். கைப்பிடி உப்பு போட்டிருக்கேன். டாக்டர் பயப்படறாங்க, அதான் சொட்டுச் சொட்டா ஏத்தறாங்க. மாமா தாங்குவாரு. என் வாழ்க்கைலயே நான் தூக்கிட்டு வந்த ஒரே நல்ல பாட்டில் இது!"

அதைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். அவன் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி வாடிவிட்டது. அப்புறம் அவனைத் தனியாக உட்காரவைத்து, அந்த ஒரு பாட்டில் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொன்னேன். அவன் எழுந்து போய் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றான். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அன்று அவன் குடிக்கவில்லை என்பதற்கு நான் சாட்சி.

பொழுது சாய்வதற்குள் எண்கள் அடங்கின. ஆனாலும் நிம்மதியாக மூச்சு விட முடியவில்லை. கெடுதல் நடந்திருந்தால் சில நாள் கழித்துத்தானே தெரியும்? தினமும் காலையில் டாக்டரம்மா வந்து அண்ணனைப் பேசச் சொல்வார், விழுங்கச் சொல்வார், கைகளைத் தூக்கச் சொல்வார். டாக்டரம்மா வருவதற்கு முன்னாலேயே அண்ணி தன் பரீட்சையை நடத்திவிடுவாள், காப்பகத்துக் குழந்தைகளிடம் கேட்கிற கேள்விகளோடு.

"மூக்கு எங்கே?"

அண்ணன் விரலை நீட்டி அவள் மூக்கைத் தொடுவார்.

"உங்க மூக்கு."

"கல்யாணத்தன்னிக்கே எழுதிக் குடுத்தாச்சே. எல்லாம் உன்னுதுதான்."

அண்ணி பட்டென்று அவர் தோளில் தட்டுவாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் இந்தக் காட்சிக்காகவே சீக்கிரம் விழித்துக்கொள்வார்கள்.

பயந்தது எதுவும் நடக்கவில்லை. அண்ணனின் பேச்சு பழைய கூர்மைக்குத் திரும்பியது. டாக்டரம்மாவின் கோட்டைப் பார்த்து, "காலர் ஏன் இப்படிச் செத்துக் கிடக்கு? நான் இல்லைன்னா ஊரே கசங்கிடும் போல" என்றார். சிடுசிடு டாக்டரம்மா அன்றுதான் வார்டில் வாய்விட்டுச் சிரித்தார்.

மேற்பார்வையாளர் பார்க்க வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார். "அண்ணே, நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும்..." என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்க சார். வண்டி புடிச்சு அனுப்பினீங்களாமே. என் பொண்டாட்டியே குடிச்சேன்னு நம்பிட்டா. நானே ஒத்துக்கிட்டேனாம். நீங்க நம்பினதுக்கு என்ன?" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் இதயத்தையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்தோம். இடது பக்கச் சுவர் தடித்திருந்தது. டாக்டரம்மா அவருடைய முன்கையைக் காட்டிச் சொன்னார். "கனத்தத் தள்ளித் தள்ளி உங்க கை பெருத்த மாதிரி, அதிக அழுத்தத்த எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயமும் பெருத்திருக்கு. கைக்கு அது நல்லது. இதயத்துக்கு நல்லது இல்ல. வேற மாத்திரை தரேன், தவறாம போடுங்க. தண்ணி இனிமே அளவா. தாகம் எடுத்தா மட்டும். உப்பும் அளவா, பூட்டெல்லாம் வேணாம்."

"வேலைக்குன்னு வளர்ந்தது வேலைய விட்டா இளைக்குமா?"

"பாரம் குறைஞ்சா, ஓரளவுக்குக் குறையும்."

இளைப்பதை அவர் கண்ணாலேயே பார்க்க நேர்ந்தது, வேறொரு இடத்தில். சில வாரம் கழித்து மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று நானும் கூட இருந்தேன். உள்ளிருந்து வந்த கை அண்ணனுடையது மாதிரியே இல்லை. தோல் செதில் உதிர்ந்து, சதை வற்றி, ஒரு குச்சிக் கை. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலிப்பு வந்தபோதுகூட அவரிடம் காணாத ஒரு பயத்தை அப்போது பார்த்தேன்.

"செத்துப்போச்சா நர்ஸம்மா?"

"சாகல அண்ணே. வேலை இல்லைன்னதும் ஒவ்வொரு செல்லும் செலவக் குறைச்சுக்கிட்டுச் சின்னதாயிருக்கு. அவ்வளவுதான். வேலை குடுத்தா பழையபடி வரும். ஆனா ஒரேயடியா குடுக்கக்கூடாது."

"இதுலயும் மெதுவாத்தானா?" என்று பெருமூச்சு விட்டார். "உங்க ஆஸ்பத்திரில வேகமா நடக்கறது ஒண்ணுதான், சாப்பாட்டுத் தட்ட எடுத்துட்டுப் போறது."

மெதுவாகத்தான் வந்தது. முதலில் கைக்குட்டை மடித்தார். பிறகு தலையணை உறை. மேற்பார்வையாளர் எங்கிருந்தோ ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டு வந்து கொடுத்தார். கொதிகலன் பக்கத்துச் சுவரை அடைத்து, மேஜையை ஜன்னலோரம் மாற்றினார்கள். மழை தொடங்கிய சமயத்தில் அண்ணன் பழைய கனப்பெட்டியைத் தூக்கி ஒரு முழுக்கோட்டை இஸ்திரி போட்டு முடித்தார். அதைக் கொடியில் மாட்டிவிட்டு, முன்கையை மடக்கி இறுக்கிக் காட்டினார். கூடத்திலிருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

இப்போதெல்லாம் அவர் யாரிடமும் தண்ணி குடிச்சியா என்று கேட்பதில்லை. கேள்வி மாறிவிட்டது. யாராவது தலைவலி என்று சொன்னால் போதும், "மேல போய் உப்பு டெஸ்ட் எடு" என்று கையோடு மாடிக்கு அனுப்பிவிடுகிறார். அவசரப் பிரிவு டாக்டர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு, "சலவைக்கூடத்துலேர்ந்து இன்னொருத்தர்" என்று எனக்குப் போன் போடுகிறார்கள். போன வாரம் தலைவலி என்று முனகிய மேற்பார்வையாளரையே அனுப்பி வைத்திருந்தார். பாவம், அவரும் மறுபேச்சுப் பேசாமல் வந்து கையை நீட்டினார். பரிசோதனையில் எல்லாம் கனகச்சிதமாக இருந்தது. கடைசியில் பார்த்தால் அவர் அவசரத்தில் தன் மனைவியின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார்.

நான் கீழே இறங்கிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கண்டுபுடிச்சுட்டீங்கல்ல? அப்ப அனுப்பினது சரிதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த கோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார்.